சைன் எங்கே போச்சு?

பிளஸ் ஒன் படிக்கும் மகள் போன வாரம் ஒரு இயற்பியல் கணக்கோடு வந்தாள். சக்கர வண்டியில் நிற்கும் ஒருவன் ஒரு பொருளைச் சாய்வாக மேல்நோக்கி எறிகிறான்; வண்டி என்ன வேகத்தில் பின்னால் போகும்? விடை அவளுக்குத் தெரியும். பொருளின் நிறை, வேகம், காஸ் தீட்டா மூன்றையும் பெருக்கி, வண்டியும் ஆளும் சேர்ந்த நிறையால் வகுத்தாள். விடைக்கு அடியில் இரண்டு கோடும் இழுத்துவிட்டாள். பிறகுதான் கேட்டாள்: "காஸ் தீட்டா வண்டியப் பின்னால தள்ளிடுச்சு, சரி. சைன் தீட்டா எங்கப்பா போச்சு?"

நான் வாயைத் திறந்து, மூடிக்கொண்டேன். எங்கள் காலத்தில் 'உந்தம் மாறாது' என்று எழுதினால் மதிப்பெண் விழுந்துவிடும். 'கிடைத்திசையில் மட்டும்' என்று பக்கத்தில் சின்னதாக ஒரு குறிப்பு இருக்கும். அதை யாரும் நின்று பார்த்ததில்லை.

வீட்டில் அடியில் சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலி ஒன்று இருக்கிறது, வொர்க் ஃப்ரம் ஹோம் நாட்களில் வாங்கியது. அதில் கால் தூக்கி உட்கார்ந்தேன். மடியில் 5 கிலோ அரிசிப் பை. எதிரே கட்டில். முதலில் நேராக எறிந்தேன். நாற்காலி பின்னால் நகர்ந்து ஒரு சாண் போய் நின்றது. அடுத்து, ஏறக்குறைய 45 டிகிரி சாய்வில். இந்த முறை நாலு விரற்கடைதான். நானும் நாற்காலியும் சேர்ந்து 80 கிலோ. பை நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் கையை விட்டுப் போனதாக வைத்துக்கொண்டால், நாற்காலிக்குக் கிடைப்பது நொடிக்குச் சுமார் 12 செ.மீ. அதையும் டைல்ஸ் தரையின் உராய்வு சீக்கிரமே தின்றுவிடுகிறது.

இதில் ஒரு வேடிக்கை. 45 டிகிரி என்பது என் கணக்கு, நாற்காலியில் உட்கார்ந்திருப்பவனின் கணக்கு. பை கையை விட்டுப் போகிற அதே கணத்தில் நான் பின்னால் போய்க்கொண்டிருக்கிறேன் அல்லவா? அதனால் பையின் முன்னோக்கிய வேகத்தில் கொஞ்சம் குறைகிறது. மேல்நோக்கிய வேகம் அப்படியே இருக்கிறது. சுவரோரம் நின்று பார்த்த மகளுக்குப் பை கிட்டத்தட்ட 47 டிகிரியில் கிளம்பியிருக்கும். சாய்வு எவ்வளவு என்பதற்கு முன்னால் யாருக்கு என்று கேட்க வேண்டும். இதைக் கவனிக்காமல் தேர்வில் கோட்டைவிட்ட கூட்டத்தில் நானும் ஒருவன்.

சரி, சைன், அதாவது மேல்நோக்கிய பங்கு? குளியலறையிலிருந்து எடை மெஷினைக் கொண்டுவந்தாள். முள் வைத்த பழைய ரகம். அதன்மேல் நின்று பையை மேலே வீசினேன். வீசுகிற கணத்தில் முள் துள்ளி ஏறியது. எவ்வளவு என்று அவளால் படிக்க முடியவில்லை. ஏறியது மட்டும் நிச்சயம். பையை மேலே தள்ளும்போது நான் தரையைக் கீழே தள்ளுகிறேன். நாற்காலிக்குப் பக்கவாட்டில் ஓட இடமிருந்தது, கீழே இல்லை. அந்தப் பங்கைப் பூமி வாங்கிக்கொள்கிறது. 6 போட்டு 24 சைபர் சேர்த்தால் வரும் கிலோ அதன் நிறை என்பதால் நகர்ந்ததாகவே தெரியாது. வாங்கியதை அது வைத்துக்கொள்வதும் இல்லை. பறக்கிற பையைப் பூமி இழுக்க, பை பூமியை இழுக்க, கடைசியில் பை வந்து விழுந்ததும் கணக்கு நேராகிவிடும்.

கீழே போகிற இந்தப் பங்கைப் பார்த்து உண்மையிலேயே பயந்தவர்கள் பழைய கப்பல் கட்டுகிறவர்கள். சாதாரணப் பீரங்கி பின்னால் உதைக்கும். சக்கரம் வைத்து, தடித்த கயிறு கட்டிவிட்டால் போதும். மார்ட்டர் என்னும் குட்டைக் குழல் பீரங்கி செங்குத்துக்குப் பக்கமாகச் சாய்ந்து சுடுவது. அதன் உதை பெரும்பாலும் கீழேதான் இறங்கும். சக்கரத்துக்கு அங்கே வேலையில்லை. மேல்தளப் பலகை பிளந்துவிடும். 1682இல் பிரெஞ்சுக்காரர்கள் அல்ஜியர்ஸ் நகரைத் தாக்கக் கொண்டுபோன மார்ட்டர் கப்பல்களை இதற்கென்றே தனியாகக் கட்டியிருந்தார்கள், பீரங்கிக்கு அடியில் கனத்த மரங்களை முட்டுக்கொடுத்து. எதிர்வினை விதியைச் சொன்ன நியூட்டனின் பிரின்சிபியா அச்சில் வந்தது அதற்கு ஐந்து வருஷம் கழித்து, 1687இல். தச்சர்கள் அதற்காகக் காத்திருக்கவில்லை.

மகளிடம் இதையெல்லாம் சொல்லும்போது பழவேற்காடு ஏரி நினைவுக்கு வந்தது. ஒரு மீனவரோடு தோணியில் போயிருந்தேன். இடுப்பளவு தண்ணீர். தோணியின் முன்முனையான அணியத்தில் நின்று, ஈயக் குண்டு கோத்த வீச்சுவலையை மடித்துத் தோளில் ஒரு பங்கு, கையில் ஒரு பங்கு என்று எடுத்துக்கொண்டார். "டேய், கோலை நல்லா ஊனிக்கோ" என்று பின்னால் இருந்த பையனுக்கு ஒரு குரல். இடுப்பைத் திருகி மேல்சாய்வாக வீசினார். அணியம் ஒருமுறை தண்ணீரில் அமுங்கி எழுந்தது. வலை வட்டமாக விரிந்து விழுந்தது. கோல் சேற்றில் ஊன்றியிருந்ததால் தோணி பின்னால் போகவில்லை.

எனக்குக் கை சும்மா இருக்குமா? வலை 5 கிலோ, தோணியும் மூன்று பேரும் சேர்ந்து 300 கிலோவாவது இருக்கும். கோல் ஊன்றாவிட்டாலும் வலை விழும் தூரத்தில் நூற்றுக்கு இரண்டு பங்குகூடக் குறையாது என்று மனக்கணக்குப் போட்டு, அவரிடம் சொல்லியும்விட்டேன்.

"தூரத்துக்கு இல்ல சார், காலுக்கு" என்றார். "நீங்க ஒருதபா வீசிப் பாருங்க. டேய், கோலை எடுத்துடு."

வீசினேன். தோணி நகர்ந்தது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தில் என் கால் வழுக்கி, பலகையில் உட்கார்ந்தேன். வலை விரியாமல் பொட்டலமாகத் தோணிக்குப் பக்கத்திலேயே விழுந்தது.