வில்லுக்கு ஏத்த அம்பைக் கொடுங்க, அப்புறம் குறை சொல்லுங்க

வில்வித்தை கிளப்ல புதுசா சேர்ந்த ஒருத்தர் விடுற அம்பெல்லாம் இடது பக்கமே போகுதுன்னு வைங்க. உடனே நாம சொல்றது என்ன? "கை ஆடுது", "ரிலீஸ் சரியில்ல", "இன்னும் பலம் வேணும்". அந்த அம்பு அவங்க வில்லுக்குப் பொருத்தமானதுதானான்னு யாரும் கேக்குறதில்ல. முதல்ல கேக்க வேண்டிய கேள்வியே அதுதான்.

செஞ்சில படிக்கிற நமக்கு வில் மேல ஆசை வர்றதுல ஆச்சரியமில்ல. தேசிங்கு ராஜா கதை கேட்டு வளர்ந்த ஊரு. 2025-ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல மராட்டியர் கோட்டைகள் 12 சேர்ந்தப்போ, அதுல தமிழ்நாட்டுக் கோட்டை நம்மது ஒண்ணுதான். ஆனா ஆசை மட்டும் அம்பை நேரா கொண்டுபோகாது. அதுக்கு ரெண்டாம் வருஷம் படிச்ச மெக்கானிக்ஸ் வேணும்.

நாணை விட்டதும் பின்னாலிருந்து ஒரு பெரிய விசை அம்பைத் தள்ளுது. முன்னால இருக்கிற முனை உடனே நகர மறுக்குது. நடுவுல மாட்டிக்கிட்ட தண்டு வளையுது. ஆய்லர் பக்ளிங் நினைவிருக்கா? கிட்டத்தட்ட அதேதான். வளைஞ்சு வளைஞ்சுதான் அம்பு வில்லைச் சுத்தி வெளியே போகுது. தண்டு ரொம்ப விறைப்பா இருந்தா, வலது கைக்காரர் ரிகர்வ் வில்லில் விடுற அம்பு இடது பக்கம் போகும். ரொம்பத் தொய்வா இருந்தா வலது பக்கம் போகும்.

இந்த விறைப்பைத்தான் ஸ்பைன்னு சொல்றாங்க. 28 அங்குல இடைவெளியில ரெண்டு தாங்கிகள் மேல தண்டை வச்சு, நடுவுல 880 கிராம் எடையைத் தொங்கவிடணும். அரை அங்குலம் (12.7 மி.மீ.) தொய்ஞ்சா ஸ்பைன் 500. எண் கூடக் கூட தண்டு தொய்வானதுன்னு அர்த்தம். தண்டு நீளமானாலும், முனை கனமானாலும், விடும்போது அது இன்னும் தொய்வா நடந்துக்கும்.

28 அங்குல அம்புக்கு, 38 பவுண்டு வில்லுக்கு ஏறக்குறைய 600 ஸ்பைன் பொருந்தும். 24 பவுண்டு வில்லுக்கு 1000 பக்கம் வேணும். ஆனா பல இடங்கள்ல எல்லாருக்கும் ஒரே பெட்டி அம்புதான். அதுவும் சீனியர் அண்ணன்கள் வில்லுக்குன்னு வாங்கினது. குறைஞ்ச பவுண்டு வில்லோட ஆரம்பிக்கிறவங்க, அதுல நிறைய பேர் பொண்ணுங்க, ரெண்டு வாரம் இடது பக்கமே விட்டுட்டு "நமக்கு இது வராது"ன்னு கிளம்பிடறாங்க. தப்பு தண்டுல, தண்டனை அவங்களுக்கு.

எடையிலும் இதே குழப்பம். யூடியூப்ல மான் வேட்டை வீடியோ பாத்துட்டு "கனமான அம்புதான் பெஸ்ட்"னு வாதாடுறவங்க உண்டு. அங்கே அவங்களுக்கு ஊடுருவல் வேணும், அதுக்கு உந்தம் வேணும். நமக்கு அது தேவையே இல்ல. 1972 வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இங்கே மான் வேட்டை குற்றம். நம்ம இலக்கு காகித வட்டம். வினாடிக்கு 60 மீட்டர் வேகத்துல போற அம்பே 70 மீட்டர் தூரத்துக்குள்ள சுமார் 6.7 மீட்டர் கீழே விழுது. கனம் கூடினா இன்னும் கீழே.

அதுக்காக ரொம்ப லேசாவும் போகக்கூடாது. காம்பவுண்ட் வில்லுக்கு ஒரு பவுண்டுக்கு 5 கிரெய்ன்ங்கறது பொதுவான கீழ் எல்லை. 40 பவுண்டுன்னா 200 கிரெய்ன், அதாவது 13 கிராம். அதுக்கும் கீழே போனா, அம்பு எடுத்துக்காத சக்தி வில்லையே உடைக்கும். கையும் முகமும் பக்கத்துலதான் இருக்கு.

"செலவாகுமே"ன்னு சொல்வீங்க. பெரிய செலவு அளக்கறதுல இல்ல. ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் லேப்ல தாங்கியும் எடையும் இருக்கு. ஒரு மதியத்துல மொத்தப் பெட்டியையும் அளந்து, ஒவ்வொரு தண்டுலயும் ஸ்பைன், எடை ரெண்டையும் எழுதிடலாம். தாங்கி இடைவெளியை மட்டும் கவனமா வைங்க. தொய்வு நீளத்தோட மூணாம் அடுக்கில் மாறும், 5 சதவீதம் பிசகினா அளவு 16 சதவீதம் பிசகும். விரிசல் விட்ட கார்பன் தண்டை அன்னைக்கே ஒதுக்கிடுங்க. அடுத்த தடவை வாங்கும்போது ஒரே மாதிரி ரெண்டு டஜனுக்குப் பதிலா, ரெண்டு ஸ்பைன்ல ஒவ்வொரு டஜன் வாங்குங்க.

அதுக்கப்புறமும் அம்பு இடது பக்கம் போனா, தாராளமா கையைக் குறை சொல்லலாம்.