பொருள் நம்முடையது, படம் யாருடையது?

பரண்மேல் தூசி படிந்து கிடந்த சாமான்களுக்கு இக்காலத்தில் ஒரு புதிய யோகம் பிறந்திருக்கிறது. பழைய பொம்மை, கைக்கடிகாரம், தகரத்தில் அச்சிட்ட விளம்பரப் பலகை, தீப்பெட்டி லேபிள், சுவாமி படம் போட்ட காலண்டர் - எதுவானாலும் அதைத் தேடி அலைகிறவர் உலகத்தில் எங்கேயோ ஒருவர் இருக்கத்தான் இருக்கிறார். இணையச் சந்தை வாங்குகிறவரையும் விற்கிறவரையும் சேர்த்து வைக்கிறது. 1995-ம் வருஷத்தில் அமெரிக்காவில் 'ஈபே' சந்தையை ஆரம்பித்தவர் பியேர் ஒமிடியார். அதில் முதன் முதலாக விலை போன பொருள் உடைந்துபோன ஒரு லேசர் சுட்டுவிளக்கு என்றும், அதை 14 டாலர் 83 சென்டுக்கு வாங்கியவர் உடைந்த லேசர் விளக்குகளைச் சேகரிப்பவர் என்றும் அவர் சொல்லியிருக்கிறார். உடைசலுக்கே இந்த மதிப்பு என்றால், உடையாத பொருளைப் பற்றிக் கேட்பானேன்!

ஆனால் இந்தச் சந்தையில் கடை விரிக்கிறவர்களுக்கு ஒரு விசித்திரமான அனுபவமும் ஏற்படுவதுண்டு. காசு கொடுத்து வாங்கி, முப்பது வருஷம் வைத்துப் பாதுகாத்த அசல் சாமானை விற்பதாக அறிவிப்புப் போடுகிறார்கள். மறுநாள் அறிவிப்பு மாயமாய் மறைந்து போகிறது. வியாபாரச் சின்னத்தின் சொந்தக்காரர் ஆட்சேபித்திருக்கிறார் என்றோ, பதிப்புரிமை மீறப்பட்டிருக்கிறது என்றோ ஒரு கடிதம் மட்டும் வருகிறது. இப்படிச் சில தடவை நேர்ந்துவிட்டால் விற்கிறவரின் கணக்கையே மூடிவிடுவதும் உண்டு. மானத்துக்கு அஞ்சும் குடும்பத்தார், "நாம் திருடியா விற்றோம்?" என்று கலங்கிப் போகிறார்கள். கலங்கத்தான் வேண்டுமா என்பதை இவ்வாரம் சற்று விசாரிப்போம்.

இந்த வழக்கு புதியதல்ல. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பாப்ஸ்-மெரில் என்ற பிரசுரகர்த்தர்கள் ஒரு நாவலை வெளியிட்டார்கள். ஒரு டாலருக்குக் குறைத்து விற்கக் கூடாது, விற்றால் பதிப்புரிமையை மீறியதாகக் கருதப்படும் என்று அதன் உள்ளே அச்சிட்டும் வைத்தார்கள். நியூயார்க்கில் மேசி என்ற பெரிய கடையை நடத்தி வந்த ஸ்ட்ராஸ் சகோதரர்கள் அந்த எச்சரிக்கையை லட்சியம் செய்யாமல் 89 சென்டுக்கு விற்றார்கள். விவகாரம் சுப்ரீம் கோர்ட்டு வரையில் போயிற்று. 1908-ல் தீர்ப்புக் கிடைத்தது. ஒரு தடவை பிரதியை விற்றுவிட்ட பிறகு, அந்தப் பிரதி அப்புறம் என்ன விலைக்குக் கைமாற வேண்டும் என்று கட்டளையிடப் பதிப்புரிமைக்காரருக்குச் சட்டம் அதிகாரம் கொடுக்கவில்லை என்பது அதன் சாரம். முதல் விற்பனையோடு அந்தப் பிரதியின் மேலுள்ள பிடி விட்டுப் போகிறது என்னும் இந்தத் தத்துவத்தினால்தான் பழைய புத்தகக் கடைகள் கவலையின்றி நடக்கின்றன.

வியாபாரச் சின்னத்தின் கதையும் ஏறக்குறைய இதுவே. மோட்டார் வண்டிகளின் பழைய ஸ்பார்க் பிளக்குகளைச் சுத்தம் செய்து, 'சாம்பியன்' என்ற அசல் பெயரோடேயே ஒருவர் விற்று வந்தார். 1947-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு, பெயர் இருக்கலாம். ஆனால் பழுது பார்த்த பழைய சரக்கு என்பது தெளிவாகத் தெரிய வேண்டும் என்று தீர்த்தது. இந்தத் தீர்ப்பு நம் காலத்தில் ஒரு கடிகாரக்காரரைக் காப்பாற்றியது. வோர்டிக் என்ற சிறிய கம்பெனி, பழைய ஹாமில்டன் சட்டைப்பை கடிகாரங்களின் உட்கருவியை எடுத்துச் செப்பனிட்டுக் கைக்கடிகாரமாக்கி விற்றது. ஹாமில்டன் கம்பெனி வழக்குத் தொடுத்தது. பழைய உறுப்பு எது, தாங்கள் சேர்த்தது எது என்பதை விற்கிறவர்கள் மறைக்கவில்லை. ஆகையால் வாங்குகிறவர் ஏமாற இடமில்லை என்று 2021-ல் மேல் கோர்ட்டு வோர்டிக் பக்கமே நின்றது.

நம் நாட்டுச் சட்டமும் இதற்கு விரோதமாக இல்லை. 1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம், ஏற்கெனவே புழக்கத்துக்கு வந்துவிட்ட பிரதிகளைப் புதிதாக வெளியிடும் பிரதிகளாகக் கணக்கிடுவதில்லை. 1999-ம் வருஷத்து வியாபாரச் சின்னச் சட்டத்தின் 30-வது பிரிவும், நியாயமாக வாங்கிய சரக்கை மறுபடி விற்பதற்கு வழி விடுகிறது. ஆனால் சரக்கின் நிலைமையை மாற்றியிருந்தாலோ அது கெட்டுப் போயிருந்தாலோ, சின்னத்துக்கு உரியவர் ஆட்சேபிக்கலாம் என்றும் அதே பிரிவு சொல்லுகிறது.

நிற்க. பொருளை விற்கும் உரிமை வேறு. அதன் மேலுள்ள படத்தை நகல் எடுக்கும் உரிமை வேறு. பலர் இடறி விழுவது இந்த இடத்தில்தான். கோவில்பட்டி கொண்டையராஜுவின் சுவாமி படங்களை அறியாத வீடு தமிழ் நாட்டில் அரிது. அவர் வரைந்த பழைய காலண்டர் ஒன்று நம் வீட்டில் இருந்தால் தாராளமாக விற்கலாம். அதையே பிரதி எடுத்து நூறு படமாக அச்சடித்து விற்பது கூடாது. அவர் காலமானது 1976-ல். ஓவியர் மறைந்த பின் 60 வருஷம் என்ற கணக்கின்படி, 2036 முடிய அந்த உரிமை உயிரோடு இருக்கிறது. அது வாரிசுகளிடம் இருந்தாலும் சரி, அச்சகத்தாரிடம் இருந்தாலும் சரி, நம்மிடம் இல்லை. 1906-ல் மறைந்த ரவிவர்மாவின் படங்களுக்கோ அந்தத் தடை எப்போதோ நீங்கிவிட்டது. (நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருள்களை அயல் நாட்டுக்கு அனுப்புவதை 1972-ம் வருஷத்துத் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது என்பதையும் மறக்கலாகாது.)

அப்படியானால் சட்டப்படி சரியான அறிவிப்பையும் சந்தைக்காரர்கள் ஏன் எடுத்துவிடுகிறார்கள்? தங்களைக் காத்துக்கொள்ளத்தான். போலி நகைகள் விற்கப்படுவதாக டிஃபனி கம்பெனி ஈபேயின் மேல் தொடுத்த வழக்கில் 2010-ல் மேல் கோர்ட்டு ஒரு வரம்பு வகுத்தது. சந்தையில் எங்கேயோ போலி இருக்கிறது என்ற பொதுவான அறிவு மட்டும் இருந்தால் குற்றமில்லை. இன்ன அறிவிப்பு போலி என்று தெரிந்தும் இடம் கொடுத்தால் பொறுப்பு உண்டு என்பது அதன் கருத்து. ஆகவே குறிப்பான புகார் வந்தவுடன் கத்தரித்துவிடுவதே அவர்களுக்கு க்ஷேமம். பதிப்புரிமை விஷயத்தில் 1998-ம் வருஷத்து அமெரிக்கச் சட்டமும் புகார் கண்டதும் எடுத்துவிடுகிறவர்களுக்கே பாதுகாப்பு அளிக்கிறது. ஆனால் அதே சட்டம் விற்கிறவருக்கும் எதிர்வாதம் எழுதி அனுப்ப இடம் தருகிறது. அதன் பின் புகார் செய்தவர் கோர்ட்டுக்குப் போகாவிட்டால், 10 முதல் 14 வேலை நாட்களுக்குள் அறிவிப்பைத் திரும்பப் போட வேண்டும். வியாபாரச் சின்னப் புகாருக்கு இந்த வசதி இல்லை. அங்கே புகார் செய்தவருக்கே நேராக எழுதி, வாங்கிய ரசீதைக் காட்டி, வாபஸ் வாங்கும்படி கேட்பதுதான் வழி.

ஆகையால் விற்க நினைப்பவர் சில காரியங்களைச் செய்துகொள்வது நலம். ரசீதைப் பத்திரப்படுத்துக. கம்பெனியின் கேட்லாக் படத்தை எடுத்துப் போடாமல், தம் கையிலுள்ள பொருளைத் தாமே புகைப்படம் எடுக்குக. பிறர் எடுத்த புகைப்படம் பிறர் சொத்து. கீறல், ஒட்டு, மாற்றிய உறுப்பு ஆகியவற்றை ஒளிக்காமல் எழுதுக. கம்பெனியின் ஏஜண்டு என்று தோன்றும்படி ஒரு வார்த்தையும் சேர்க்க வேண்டாம். போலி என்று தெரிந்த சரக்கைத் தொடவே வேண்டாம். மேற்சொன்ன எந்தத் தீர்ப்பும் போலிக்குத் துணை வராது.

இவ்வளவும் செய்த பின்னும் ஒரு கடிதம் வந்தால், அது ஒரு கட்சிக்காரரின் வாதமே தவிர நீதிபதியின் தீர்ப்பு அல்ல என்பதை நினைவில் வைக்க வேண்டும். பெரிய கம்பெனியின் முத்திரையைக் கண்டவுடனேயே தம்மைக் குற்றவாளி என்று ஒப்புக்கொண்டு ஒதுங்கிவிடுகிறவர், தம்முடைய உரிமையை மாத்திரம் இழப்பதில்லை. அடுத்தாற்போல் விற்க வருகிறவரின் உரிமையையும் பலவீனமாக்குகிறார். நேர்மையாக வாங்கி, உள்ளதை உள்ளபடி சொல்லி விற்கிறவர், மரியாதையோடு, ஆனால் தலை குனியாமல், பதில் எழுதலாம்.