வறுத்தால் தங்கம் வருமா?

"பைரைட்டை வறுத்து சயனைடில் ஊறப்போட்டால் தங்கம் தானாக இறங்கும். கோலாரில் அப்படித்தான் எடுத்தார்கள். வறுக்கும்போது கலக்க நமக்கு உப்புக்கும் பஞ்சமில்லை, இடத்துக்கும் பஞ்சமில்லை. உப்பளத்தை ஒட்டி ஒரு சூளை போட்டால் போதும்." அதிராம்பட்டினம் டீக்கடைப் பேச்சு இது.

முதலில் கோலார். அங்கே தங்கம் பெரும்பாலும் வெள்ளைக் குவார்ட்ஸ் நரம்புகளில் தனித் துகளாகவே கிடந்தது. இடித்து அரைத்துப் பாதரசத்திலும் சயனைடிலும் பிடித்தார்கள். வறுத்துத்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்த அந்தச் சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டது. மிச்சமிருக்கும் சயனைடு கழிவு மேடுகளில் சராசரியாக டன்னுக்கு ஒரு கிராம்கூடத் தேறாது.

பைரைட்டின் பளபளப்பு இரும்பும் கந்தகமும் சேர்ந்தது. தங்கம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. இருந்தாலும் படிகத்துக்குள் சிக்கியிருந்தால் சயனைடு அதைத் தொடாது. அதற்காகத்தான் வறுப்பது. 600, 700 டிகிரியில் காற்றோட்டமாக வறுத்தால் கந்தகம் வெளியேறி, மஞ்சள் கல் நுண்துளை நிறைந்த செங்கல் நிறத் தூளாகும். அந்தத் துளைகள் வழியாகத்தான் சயனைடு உள்ளே போகிறது. சூடு எகிறினால் துகள்கள் ஒட்டி இறுகி, துளைகள் அடைபட்டுவிடும். செங்கல் சூளையில் இந்தப் பக்குவம் பார்க்க முடியாது.

புகையைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. பைரைட்டின் எடையில் பாதிக்கு மேல் கந்தகம். ஒரு டன்னை முழுக்க வறுத்தால் ஒரு டன்னுக்குச் சற்று அதிகமாகவே கந்தக டை ஆக்சைடு வரும்; கல்லில் ஆர்சனிக் கலந்திருந்தால் அதுவும் புகையோடு கிளம்பும். கடற்காற்று அதைப் பட்டுக்கோட்டைப் பக்கத்துச் சம்பா வயல்களுக்குத்தான் தள்ளும். வறுத்த தூளில் மிஞ்சும் அமிலத்தைச் சுண்ணாம்பு போட்டு முறிக்காமல் சயனைடு ஊற்றினால், எழும் வாயு ஆளையே முடித்துவிடும்.

உப்பு விஷயத்தில் மட்டும் பாதி உண்மை உண்டு. ஜெர்மனியின் டூயிஸ்பர்க் செம்பு ஆலையில், எரித்த பைரைட் சாம்பலோடு உப்பைக் கலந்து மறுபடி வறுத்து, கரைத்து, செம்பும் வெள்ளியும் துத்தநாகமும் எடுத்தார்கள். ஆனால் அந்தச் சாம்பல் வந்தது கந்தக அமில ஆலைகளிலிருந்து. புகையைப் பிடித்து அமிலமாக்கி விற்ற பிறகு மிஞ்சிய கழிவு அது. கல்லுக்கான காசை அமிலமே கொடுத்துவிட்டது, உலோகம் மேல்வரும்படி. டீக்கடைக் கணக்கில் அமில ஆலையே இல்லை.