திருவருகைக் காலமும் எதிர்நோக்கு என்னும் சொல்லும்

திருவருகைக் காலம் என்பது கிறிஸ்து பிறப்பு விழாவிற்கான நான்கு வார முன்னேற்பாடு என்றே இன்று பெரும்பாலும் கருதப்படுகிறது. வழிபாட்டு வாசகங்களோ இக்கருத்துக்கு இடம் தருவதில்லை. முதல் ஞாயிறன்று, மூன்றாண்டுச் சுழற்சியில் மத்தேயு 24, மாற்கு 13, லூக்கா 21 ஆகிய அதிகாரங்களின் பகுதிகள் வாசிக்கப்படுகின்றன. அவற்றில் பெத்லகேமும் இல்லை, தீவனத் தொட்டியும் இல்லை. மானிட மகனின் மீள்வருகையும் விழித்திருக்க வேண்டும் என்னும் கட்டளையுமே உள்ளன. கத்தோலிக்க வழிபாடு டிசம்பர் 17 முதல்தான் பிறப்பு நிகழ்வை நோக்கி நேரடியாகத் திரும்புகிறது. வந்தவரை நினைவுகூருமுன் வரவிருப்பவரை நோக்கி நிற்கக் கற்பதே இக்காலத்தின் முதற்பாடம்.

இப்பாடத்தைத் தமிழ் விவிலிய மொழிபெயர்ப்புகளே ஒரு சொல்லின் வழியாக விளக்குகின்றன. 1 கொரிந்தியர் 13:13இல் பவுல் கூறும் மூன்றையும் பழைய மொழிபெயர்ப்பு விசுவாசம், நம்பிக்கை, அன்பு என்கிறது. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு என்கிறது. அன்றாட வழக்கில் 'நம்பிக்கை' என்பது பல வேளைகளில் நிலைமை சீராகும் என்னும் கணிப்பையே குறிக்கிறது. சான்றுகள் குறையக் குறைய அதுவும் குறையும். எதிர்நோக்குக்கோ எதிரே வருபவர் ஒருவர் வேண்டும். அதன் அடித்தளம் நிகழ்காலத்தின் அறிகுறிகளில் இல்லை. வருபவரின் வாக்குறுதியில் உள்ளது.

இவ்வேறுபாடு மறக்கப்பட்டபோதெல்லாம் காத்திருத்தல் திரிந்துபோயிருக்கிறது. ஆண்டவரின் நாள் வந்துவிட்டது என்று கலங்கியோரையும் உழைக்காமல் சோம்பித் திரிந்தோரையும் தெசலோனிக்கருக்கு எழுதப்பட்ட இரண்டாம் திருமுகம் கண்டிக்கிறது. அமெரிக்காவில் வில்லியம் மில்லரைப் பின்பற்றியோர் 1844 அக்டோபர் 22ஐ மீள்வருகையின் நாளாகக் கொண்டு ஏமாந்தனர். அந்நிகழ்வு 'பெரும் ஏமாற்றம்' என்றே வரலாற்றில் பெயர் பெற்றது. நாள் குறிப்பதும் ஒருவகைக் கணிப்பே. கணிப்பு பொய்க்கலாம்.

மறுமையைக் காட்டி இம்மையின் துயரை மறக்கச் செய்வதே சமயம் என்னும் மார்க்சிய விமர்சனம் கல்விப்புலத்தில் நன்கு அறிமுகமானது. அதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. மீள்வருகையைக் காட்டி அநீதியைப் பொறுத்துக்கொள்ளச் சொன்ன போதகங்கள் இருந்திருக்கின்றன. ஆயினும் ஆல்ஃபிரட் டெல்பின் வாழ்வு அவ்விமர்சனத்தின் எல்லையைக் காட்டுகிறது. செருமானிய இயேசு சபைக் குருவான அவர், இட்லரின் வீழ்ச்சிக்குப் பின் அமைய வேண்டிய நீதியான சமூக ஒழுங்கைத் திட்டமிட்ட கிரைசாவ் வட்டத்தில் உழைத்தார். 1944 சூலையில் கைதானார். அவ்வாண்டுத் திருவருகைக் காலத்தில், பெர்லினின் டேகல் சிறையில், விலங்கிடப்பட்ட கைகளால் அக்காலத்தைப் பற்றிய தியானங்களை எழுதினார். அவை இரகசியமாக வெளியே கொண்டு செல்லப்பட்டன. 1945 பிப்ரவரி 2 அன்று தூக்கிலிடப்பட்டார். விடுதலைக்கான கணிப்புகள் அனைத்தும் பொய்த்த பின்னும் அவரது எதிர்நோக்கு பொய்க்கவில்லை. வரவிருக்கும் அரசை அவர் நம்பியது, நிகழும் அரசின் கொடுமைக்கு இசையாதிருக்க அவருக்கு வலிமை தந்தது.

டெல்ப் விடுதலை பெறவில்லை என்பதை மறைத்துவிட்டு எதிர்நோக்கைப் பேசுவது நேர்மையாகாது. கிறிஸ்தவ எதிர்நோக்கு மரணத்தைத் தவிர்த்துத் தருவதாக வாக்களிப்பதில்லை. மரணத்திற்கும் கொடுங்கோலனுக்கும் இறுதிச் சொல் உரியதன்று என்றே அறிக்கையிடுகிறது. தீர்ப்பு வழங்க ஒருவர் வருகிறார் என்பது ஒடுக்கப்பட்டோருக்கு நற்செய்தி, ஒடுக்குவோருக்கு எச்சரிக்கை.

திருவருகை வளையத்தில் வாரந்தோறும் ஒரு மெழுகுதிரி கூடுகிறது. அந்நாள்களில் வடகோளத்தின் இரவும் நீண்டுகொண்டே போகிறது. இருள் குறைந்த பிறகு ஏற்றலாம் என்று எவரும் காத்திருப்பதில்லை. விழித்திருத்தல் என்பது அத்தகைய செயல்: வருபவரின் நீதிக்கு ஏற்ப இன்றே வாழத் தொடங்குவது.