சீசனில் ஒரு நாள் கொடுங்கள்

மேல்மலை, கீழ்மலை ஊர்ப் பெரியவர்களே, தாய்மார்களே, கொடைக்கானலில் கடையும் விடுதியும் நடத்துவோரே!

பூம்பாறை, மன்னவனூர், கூக்கால், தாண்டிக்குடி, பாச்சலூர் பக்கத்து ஊர்க்காரர்கள் நாங்கள். எங்கள் வீடுகளில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தது நாங்கள்தான். எங்களுக்குப் பின்னால் வரும் பிள்ளைகளுக்காக உங்களிடம் கேட்க வந்திருக்கிறோம்.

அமெரிக்க மிஷனரிகள் 1901-லேயே தங்கள் பிள்ளைகளுக்கு இந்த மலையில் பள்ளிக்கூடம் தொடங்கிவிட்டார்கள். நமக்கும் கல்லூரி எட்டாத தூரத்தில் இல்லை. பழனி தேவஸ்தானத்தின் கலைக் கல்லூரி 1960-களிலும் பெண்கள் கல்லூரி 1970-லும் அடிவாரத்தில் வந்தன. 1984-ல் தொடங்கிய அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் அட்டுவம்பட்டியில் இருக்கிறது. ஆனாலும் நம் பிள்ளைகள் பலர் பிளஸ் டூவோடு நின்றுவிடுகிறார்கள்.

காரணம் மே மாதம். பிளஸ் டூ முடிவு வருவதும், அரசு கலைக் கல்லூரிக்கு விண்ணப்பிப்பதும் அப்போதுதான். நமக்குச் சீசனும் அதே மாதம். பிரையண்ட் பூங்காவில் மலர்க் கண்காட்சி நடக்கும்போது அப்பா டாக்ஸி ஓட்டுவார், அம்மா விடுதியில் அறை கூட்டுவார், பையன் ஏரிக்கரையில் சோளக்கதிர் சுடுவான். மார்க் போனில் வந்துவிடும். இ-சேவை மையத்துக்குப் போக ஆளிருக்காது. கூட்டம் குறைந்து நிமிர்ந்து பார்த்தால் கடைசித் தேதி போயிருக்கும். படிப்பு ஏறாமல் நின்றவர்களைவிட இப்படி நின்றவர்களைத்தான் நாங்கள் அதிகம் பார்த்திருக்கிறோம்.

சான்றிதழ்களும் முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும். குடும்பத்தில் பட்டதாரியே இல்லையென்றால் முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்கலாம். கலந்தாய்வு வழியாகப் பொறியியல் போன்ற தொழிற்படிப்பில் சேர்ந்தால், அதைக் காட்டிக் கல்விக் கட்டணச் சலுகை பெறலாம். பளியர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இன்னொரு சிரமம். பழங்குடியினருக்கான சாதிச் சான்றைத் தாசில்தார் தருவதில்லை. கோட்டாட்சியர்தான் தர வேண்டும். விசாரணை முடிய நாளாகும். பதினொன்றாம் வகுப்பிலேயே மனு கொடுத்துவிடுங்கள்.

கல்லூரியில் சேர்ந்த பிறகு முதல் ஆறு மாதம்தான் கண்டம். எங்களில் ஒருவர் முதல் செமஸ்டரில் இரண்டு பாடத்தில் அரியர் வைத்தார். இனிப் படிப்பே போச்சு என்று பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டார். அரியரை அடுத்த தடவை எழுதிக்கொள்ளலாம் என்று சொல்ல வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. ஓர் ஆண்டு பூண்டுக் காட்டிலேயே போனது. அதை நினைத்தால் இன்றும் எங்களுக்கு ஆறவில்லை.

பெற்றோரே, பூண்டு பிடுங்க இரண்டு வாரம் வந்துவிட்டுப் போ என்று பிள்ளையைக் கூப்பிடாதீர்கள். வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போனால் தேர்வு எழுதுவதே சிக்கலாகிவிடும். செலவை நினைத்தும் பயப்பட வேண்டாம். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேர்ந்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் 2022 முதலும், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் 2024 முதலும் மாதம் 1,000 ரூபாய் தருகிறார்கள். பணம் வங்கிக் கணக்கில் வரும் என்பதால் பிள்ளையின் பெயரில் ஒரு கணக்கு இருக்கட்டும்.

கடைக்காரர்களே, விடுதிக்காரர்களே, உங்களிடம் சீசன் வேலை பார்க்கும் பிளஸ் டூ பிள்ளைக்கு, முடிவு வந்த வாரத்தில் ஒரு நாள் சம்பளத்தோடு விடுப்புக் கொடுங்கள். தாயோ தகப்பனோ உங்களிடம் வேலை பார்த்தால் அவர்களுக்கும் கொடுங்கள். உங்கள் வியாபாரத்துக்கு அது ஒரு நாள். அந்தப் பிள்ளைக்கு ஓர் ஆண்டு.

ஊர் ஊருக்கு இருக்கும் பட்டதாரிகளே, ஆளுக்கு ஒரு பிள்ளையை ஏற்றுக்கொள்ளுங்கள். விண்ணப்பம் போடுவதிலிருந்து முதல் ஆண்டு முடியும்வரை வாரம் ஒரு போன் போட்டால் போதும். முடிவு வருகிற நாளில் உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வாருங்கள். காலையிலிருந்தே நாங்கள் அங்கே இருப்போம்.

இப்படிக்கு,
மேல்மலை, கீழ்மலை ஊர்களின் முதல் தலைமுறைப் பட்டதாரிகள்