டாங்கிக்குள் ஒரு மோட்டார்

சித்திரை மாத வெயிலில் பழைய அம்பாஸிடர் ஒன்று மலை ஏறுகிறது. இரண்டு முறை விக்குகிறது. மூன்றாவது முறை நின்றே போகிறது. டிரைவர் பதறுவதில்லை. பானெட்டைத் தூக்கி, பெட்ரோல் பம்பின் மேல் ஈரத் துணியைச் சுற்றுகிறார். துணியை நனைப்பதற்குப் பின் சீட்டுப் பாட்டியின் கூஜாத் தண்ணீர்தான்! சிறிது நேரத்தில் வண்டி கிளம்பி விடுகிறது. அந்தக் காரில் போனவர்களுக்கு இந்த வைத்தியம் நன்றாகத் தெரிந்திருக்கும்.

நோய் என்ன தெரியுமா? அந்தப் பம்பு எஞ்சினின் விலாவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. டாங்கியோ வண்டியின் பின்கோடியில். அங்கிருந்து பெட்ரோலை உறிஞ்சி இழுக்க வேண்டும். உறிஞ்சும்போது குழாயில் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் எந்தத் திரவமும் சீக்கிரம் கொதிக்கும். கொடைக்கானலில் பருப்பு வேக நேரமாவதும் இந்தக் காரணத்தால்தான். அங்கே தண்ணீர் போதிய சூடு ஏறுமுன்பே கொதித்து விடுகிறது. எஞ்சின் சூட்டில் பெட்ரோல் ஆவியாகிறது. ஆவியை இழுக்க அந்தப் பம்புக்குச் சக்தி கிடையாது. போதாக்குறைக்கு, 2023-ல் விற்பனைக்கு வந்த 20 சதவிகித எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய பம்பின் ரப்பர்ச் சவ்வுக்கு ஆகவே ஆகாது.

ஆகையால் பழைய கார்ப் பிரியர்கள் பலர், புதுக் கார்களில் இருப்பது போல டாங்கிக்குள்ளேயே மின்சாரப் பம்பைப் பொருத்த ஆசைப்படுகிறார்கள். ஆசை நியாயமானதே. உள்ளே இருக்கும் பம்பு இழுப்பதில்லை, தள்ளுகிறது. தள்ளப்படும் பெட்ரோல் அவ்வளவு சுலபத்தில் கொதிக்காது. பம்பின் சூட்டையும் சுற்றியுள்ள பெட்ரோலே வாங்கிக் கொள்கிறது. இதைப் புதுமை என்றும் சொல்லிவிட முடியாது. 1961-ல் வெளிவந்த ஜாகுவார் ஈ-டைப் காரிலேயே பம்பு டாங்கிக்குள்தான் இருந்தது.

"பெட்ரோலுக்குள் மின்சார மோட்டாரா! வெடிக்காதா?" என்று வீட்டு அம்மாள் கேட்பாள். கேட்க வேண்டிய கேள்விதான். பெட்ரோல் ஆவி எரிவதற்குக் காற்றும் வேண்டும். காற்றில் அந்த ஆவி நூற்றுக்கு ஏறக்குறைய ஒன்றரைப் பங்கிலிருந்து ஏழரைப் பங்கு வரை இருந்தால்தான் தீப்பிடிக்கும். பெட்ரோல் உள்ள டாங்கியில் ஆவி சாதாரணமாக அதைவிட மிக அதிகம்; காற்று போதாது. பொறி பறந்தாலும் பற்றாது.

இதே கணக்கை இப்போது திருப்பிப் பாருங்கள். பெட்ரோலை வடித்து, வாயைத் திறந்து, இரண்டு நாள் வெயிலில் காய வைத்த டாங்கி இருக்கிறதே, அதில்தான் ஆவி அந்த அளவுக்கு இறங்கி வந்திருக்கும்! பம்புக்குத் துளை போட டிரில்லை வைத்தாலோ, பற்றவைக்க நெருப்பை நீட்டினாலோ, டாங்கி குண்டாகி விடும். "காலி டாங்கிதானே, என்ன ஆகும்?" என்று சொல்லும் மெக்கானிக்கிடம் வண்டியை விடாதீர்கள். அவர் எத்தனை வருஷ அனுபவஸ்தராக இருந்தாலும் சரி. டாங்கியைக் கழற்றி, நீராவியால் திரும்பத் திரும்பக் கழுவி, வேலை செய்யத் தெரிந்தவர்கள் உண்டு. ஆனால் என்னைக் கேட்டால், பம்புக்கு இடம் விட்டுப் புதுத் தகட்டில் ஒரு டாங்கியே செய்து கொள்வது உத்தமம். பெட்ரோலைக் கண்டே இராத தகட்டில் யாரும் பயமின்றித் துளை போடலாம். செய்யும்போதே பம்பைச் சுற்றி ஒரு சிறு தடுப்பும் வைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்க, பம்பு காற்றைக் குடிக்கும்.

அடுத்தது அழுத்தம். பழைய கார்புரேட்டருக்கு சதுர அங்குலத்துக்கு இரண்டு மூன்று பவுண்டு போதும். புதுக் கார்ப் பம்பு தள்ளுவதோ 40 பவுண்டுக்கு மேல். நேராக இணைத்தால் கார்புரேட்டர் வழிந்து சூடான எஞ்சின் மேல் கொட்டும். நடுவில் அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டரும், மிஞ்சியதை டாங்கிக்கே கொண்டுபோகும் இன்னொரு குழாயும் அவசியம். கார்புரேட்டரை மாற்றும் எண்ணமே இல்லையென்றால், அழுத்தம் குறைந்த மின்சாரப் பம்பு ஒன்றை டாங்கிக்கு வெளியே, அதன் பக்கத்தில், தாழ்வாக மாட்டினாலே ஈரத் துணிக்கு விடை கொடுத்து விடலாம். டாங்கியைத் தொடவே வேண்டாம்.

உள்ளே முழுகும் ரப்பர்க் குழாய், முழுகுவதற்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். சாதாரணப் பெட்ரோல் குழாய்க்கு உட்புறந்தான் பெட்ரோலைத் தாங்கும்; வெளிப்புறம் ஊறிப் பிய்ந்து போகும். பழைய பிரிட்டிஷ் ரகக் கார்கள் பலவற்றில் பாட்டரியின் பாசிடிவ் முனைதான் உடம்போடு சேர்ந்திருக்கும். அதைக் கவனியாமல் கம்பியை மாட்டினால் பம்பு தலைகீழாகச் சுற்றும்.

பழைய பம்பிடம் ஒரு நற்குணம் உண்டு. எஞ்சின் நின்றால் அதுவும் நின்று விடும். மின்சாரப் பம்புக்கு அந்த விவேகம் கிடையாது. வண்டி மோதி எஞ்சின் அணைந்து, குழாய் அறுந்து கிடந்தாலும், சாவி திருகியபடி இருந்தால் அது பாட்டுக்குப் பெட்ரோலைக் கொட்டிக்கொண்டேயிருக்கும். உள்ளே குழந்தைகள் இருக்கலாம். ஆகவே இரண்டு சுவிட்சுகள் கட்டாயம்: மோதலின் அதிர்ச்சியில் தானே விடுபடுவது ஒன்று, எஞ்சினில் எண்ணெய் அழுத்தம் இருக்கும்வரைதான் பம்புக்கு மின்சாரம் விடுவது மற்றொன்று. ஸ்டார்ட் செய்யும் நேரத்துக்கு மட்டும் ஸ்டார்ட்டரிலிருந்து தனிக் கம்பி போதும். செலவைக் காட்டி இவற்றை விட்டுவிடலாம் என்று மெக்கானிக் சொன்னால் சம்மதிக்காதீர்கள்.

பட்டறையிலிருந்து வண்டியை எடுக்குமுன் ஒரு பரீட்சை. எஞ்சின் ஓடட்டும். மெக்கானிக்கை பிரேக்கை அழுத்திக்கொண்டு மேல் கியரில் கிளட்சை விட்டு எஞ்சினை அணைக்கச் சொல்லுங்கள். சாவியைத் திருப்பக் கூடாது. நீங்கள் டிக்கியில் காதை வைத்துக் கேளுங்கள். பம்பின் ரீங்காரம் சில விநாடிகளில் அடங்க வேண்டும். அடங்கவில்லையா? வண்டி அங்கேயே நிற்கட்டும். நீங்கள் பஸ்ஸில் வீட்டுக்கு வாருங்கள்.