கன்றுக் கணக்கு வேண்டாம், மரக் கணக்கைக் காட்டுங்கள்!

உத்திரமேரூர் மக்களே!

நம்ம ஊர் கோயில் சுவரில் 921-ஆம் ஆண்டு கல்வெட்டு இருக்கு. குடவோலையில் தேர்வான 30 பேரில் 12 பேர் தோட்ட வாரியத்துக்கு, 6 பேர் ஏரி வாரியத்துக்கு. குடவோலையை மேடையில் பேசாத கட்சி இல்லை (எங்களையும் சேர்த்துத்தான்). தோட்ட வாரியத்தை யாராவது பேசிக் கேட்டிருக்கீங்களா?

இன்னைக்கு நிலைமை என்ன? ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் சிப்காட்டுகள் நமக்குப் பக்கத்திலேயே. பெரிய தொழிற்சாலைக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தரும்போது 33 விழுக்காடு பசுமைப் பரப்பு என்பது 2025 வரை வழக்கமான நிபந்தனையாக இருந்தது. பரப்பை அளக்கிறாங்க சரி, அதில் எத்தனை வகை மரம் என்று எண்ணுவது யார்?

எண்ணாததன் விலைதான் கோனோகார்பஸ். வேகமா வளரும், சீக்கிரம் பச்சையாத் தெரியும், போட்டோவுக்கு நல்லா இருக்கும். ஊரெல்லாம் நட்டாங்க. 2025 ஜனவரியில் அரசே அதை நடக்கூடாது என்று தடை போட்டது. நட்டதும் நம்ம வரிப்பணம், பிடுங்குவதும் நம்ம வரிப்பணமா?

வர்தா புயலை மறக்க முடியுமா? 2016 டிசம்பர் 12. சென்னைச் சாலைகளில் குல்மோகரும் பெருங்கொன்றையும் வரிசையா விழுந்து கிடந்தன.

"அப்போ வேம்பையே நட்டுடலாமே" என்பீர்கள். வேம்பு நம்ம மரம்தான். ஆனா 2021-ல் தெலங்கானாவில் நுனிக்கருகல் நோய் பரவி வேப்பமரங்கள் கூட்டங்கூட்டமாகக் கருகின. நாட்டு மரமே ஆனாலும் ஒன்றையே நட்டால் ஒரே நோயில் எல்லாம் போகும். அமெரிக்கத் தெருக்களில் எல்ம் மரங்கள் அப்படித்தான் போயின. அதைப் பார்த்துத்தான் 1990-ல் சாண்டமோர் என்ற அறிஞர் ஒரு கணக்கு சொன்னார்: ஒரே இனம் 10 விழுக்காட்டுக்கு மேல் வேண்டாம், ஒரே பேரினம் 20, ஒரே குடும்பம் 30.

நம்மிடம் மரத்துக்கா பஞ்சம்? இலுப்பை, மருதம், புங்கம், நாவல், பூவரசு, மகிழம், வாகை, அத்தி. கல்குவாரி லாரி போகிற சாலையில் தூசியைத் தடுக்க இதில் ஒன்றையாவது நட்டார்களா? இலுப்பைக் கன்று கேட்டால் நர்சரியில் கிடைக்கிறதா?

2022-ல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தின் இலக்கு, பத்தாண்டில் 33 விழுக்காடு காடும் மரமும். இலக்கு நல்லது, வரவேற்கிறோம். ஆனால் எத்தனை கன்று நட்டோம் என்பது மட்டும் கணக்கு ஆகாது.

அடுத்த கிராம சபையில் எழுந்து மூன்று கேள்வி கேளுங்க: நம்ம ஊராட்சியில் நட்டது எத்தனை வகை? மூன்று வருஷம் கழித்து உயிரோடு இருப்பது எத்தனை? தண்ணீர் ஊற்றுவது யார் பொறுப்பு? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்க. எழுத மறுத்தால் இந்தப் பதிவின் கீழே ஊராட்சியின் பெயரைப் போடுங்கள், நாங்கள் வருகிறோம்.

#மரக்கணக்கு_எங்கே